வீவக ஐந்தறை வீட்டு வைஃபை: இரண்டு வருடத்துக்கு மேல் பயன்படுத்திய அனுபவம்

2023 தீபாவளி முடிந்த கையோடு சிங்கப்பூர் ஈசூனில் இருக்கும் எங்கள் வீட்டு வைஃபையை முழுசாக மாற்றினேன். வாங்கிய வாரத்திலேயே எழுதுகிற விமர்சனத்தைப் படித்து யாரும் காசைப் போடக்கூடாது என்பது என் எண்ணம், அதனால் இரண்டு வருடத்துக்கு மேல் வேலைக்கும் வீட்டுக்கும் தினமும் ஓட்டிப் பார்த்துவிட்டு இப்போதுதான் எழுதுகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் வைஃபை ஒழுங்காகக் கிடைக்குமா கிடைக்காதா என்பதைச் சுவரும் கேபிளும்தான் முடிவு செய்கின்றன. ரூட்டர் பெட்டியில் அச்சடித்த வேகத்துக்கு அதில் பங்கு ரொம்பக் குறைவு.

வீட்டைப் பற்றிக் கொஞ்சம். 2000 வாக்கில் கட்டிய ஐந்தறை வீடு. ஃபைபர் வந்து முடியும் டிபி பெட்டி ஹாலில், வாசலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. நாடு முழுக்க ஃபைபர் இழுத்த காலத்தில் போட்டது, அப்போது பெரும்பாலான வீடுகளில் அங்கேதான் வைத்தார்கள். நான் வாரத்தில் பாதி நாள் வீட்டிலிருந்து வேலை செய்கிறேன், என் மேசை வீட்டின் மறு கோடியில் உள்ள அறையில். மனைவி சாயங்காலம் ஆன்லைனில் தமிழ்த் துணைப்பாட வகுப்பு எடுக்கிறார், அது வேறொரு அறை. என் மாமியாருக்கு அடுப்படிதான் எல்லாம், மன்னார்குடியில் இருக்கும் தங்கையோடு வீடியோவில் பேசிக்கொண்டேதான் சமையல். இத்தனைக்கும் நடுவில் ஹாலுக்கும் அடுப்படிக்கும் இடையே பாம் ஷெல்டர், அதாவது குண்டுவீச்சின்போது ஒதுங்குவதற்கான அறை, நிற்கிறது.

இந்த பாம் ஷெல்டரைப் பற்றி எழுதாமல் சிங்கப்பூர் வைஃபை பற்றி எழுதுவதில் அர்த்தமே இல்லை. 1997-ல் நிறைவேறிய சட்டத்துக்குப் பிறகு கட்டிய வீவக வீடுகளில் இது கட்டாயம். நாம் அரிசி மூட்டையும் பழைய சூட்கேஸும் அடுக்கி வைக்கும் ஸ்டோர்ரூம்தான், ஆனால் சுவர் முழுக்கக் கம்பி கட்டிய தடித்த கான்கிரீட், கதவு இரும்பு. மரக் கதவையோ சாதாரணத் தடுப்புச் சுவரையோ தாண்டும் சிக்னல் இதில் மோதினால் அவ்வளவுதான். போனில் சிக்னல் அளக்கும் இலவசச் செயலி ஒன்றைப் போட்டு வீட்டைச் சுற்றி நடந்து பார்த்தேன். ரூட்டருக்கு எதிரே சோஃபாவில் மைனஸ் 45 டிபிஎம் (சிக்னல் வலுவின் அளவு, மைனஸுக்குப் பின் எண் பெரிதாக ஆக வலு குறைவு). ஷெல்டர் ஓரம் வரை வந்தால் மைனஸ் 58. ஷெல்டரைச் சுற்றி அடுப்படிக்குள் கால் வைத்ததும் மைனஸ் 79. 20 டெசிபல் இறங்கினால் வந்து சேரும் சக்தி நூறில் ஒரு பங்கு என்று அர்த்தம். வீடியோ கால் தடங்கலில்லாமல் போக மைனஸ் 67-க்குக் கீழே போகக்கூடாது என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்கள் வைத்திருக்கும் கணக்கு. "மாப்பிள்ளை, படம் நிக்குது" என்று மாமியார் ஏன் அடிக்கடி கூப்பிட்டார் என்பது அந்த எண்ணைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது.

அதுவரை இருந்தது மூன்று பெட்டி கொண்ட மெஷ் செட், பெட்டிகள் ஒன்றோடொன்று சேர்ந்து வீடு முழுக்க வைஃபை பரப்பும் வகை. மெஷ் மோசமான தொழில்நுட்பம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கேபிள் இல்லாத மெஷ்ஷில் ஒவ்வொரு பெட்டியும் அடுத்த பெட்டியோடு காற்றிலேயே பேச வேண்டும். உங்கள் போனிலிருந்து வாங்குவதை அதே அலைவரிசையில் திருப்பி அனுப்பினால் கிடைக்கும் வேகம் ஒரு தாவலுக்குப் பாதியாகக் குறையும், இரண்டு தாவல் என்றால் இன்னும் மோசம். பெட்டிகளுக்கு நடுவே ஷெல்டரும் இருந்தால் என்ன ஆகும்? எங்கள் இணையத் திட்டம் 1 ஜிபிபிஎஸ், அதாவது விநாடிக்கு 1,000 மெகாபிட் (எம்பிபிஎஸ்). ஹாலில் போனில் 600 எம்பிபிஎஸ் தாண்டும், என் மேசையில் ஐம்பதைத் தொட்டாலே அதிகம், அதுவும் நிலையாக நிற்காது. செயலியில் மட்டும் மூன்று பெட்டியும் பச்சை விளக்கோடு "சிறப்பு" என்று காட்டிக்கொண்டிருக்கும்.

ஆகவே புது ரூட்டரைத் தேடுவதை நிறுத்திவிட்டு முதலில் கேபிள் இழுத்தேன். ஹாலிலிருந்து என் அறைக்கு ஒன்று, அடுப்படிக்கு வெளியே கூரை ஓரத்துக்கு ஒன்று, இரண்டும் கேட் 6 வகை லேன் கேபிள். ஹாலில் எல் பாக்ஸ் (கூரை ஓரத்து அலங்காரப் பெட்டி) இருந்ததால் பாதி தூரம் அதற்குள்ளேயே ஒளிந்து போய்விட்டது, மீதிக்குக் கூரை ஓரமாகக் கேபிளை மூடும் வெள்ளை ட்ரங்கிங். எலக்ட்ரிஷியன் கூலியும் பொருளும் சேர்த்து 300 வெள்ளி சொச்சம் ஆனது. ஷெல்டர் சுவரைத் துளைத்துக் கேபிள் விடும் யோசனையே வேண்டாம், அதற்கு அனுமதி கிடையாது, சுற்றித்தான் போக வேண்டும். ஏர்கான் ட்ரங்கிங்குக்குள்ளேயே லேன் கேபிளையும் விட்டுவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். அதற்குள் தண்ணீர்க் குழாயும் கரன்ட் வயரும் போகின்றன, ஒரு கசிவு வந்தால் எல்லாவற்றையும் பிரிக்க வேண்டிவரும், எனக்கு அது சரியாகப் படவில்லை.

கேபிள் வாங்கும்போது ஒன்றைக் கட்டாயம் பாருங்கள். கேட் 6 என்றே அச்சடித்து விற்பதில் சிலவற்றின் உள்ளே இருப்பது முழுச் செம்பு இல்லை, அலுமினியக் கம்பிக்கு மேலே செம்புப் பூச்சு. பிளேடால் கம்பியை லேசாகச் சுரண்டினால் தெரிந்துவிடும், உள்ளேயும் செம்பு நிறமாக இருந்தால் நல்லது, வெள்ளி மாதிரி மின்னினால் அலுமினியம். அலுமினியத்துக்கு மின்தடை அதிகம், வளைத்தால் சீக்கிரம் ஒடியும். கேபிள் வழியாகவே கரன்ட்டும் அனுப்பப் போகிறோம் என்பதால் இதில் சமரசமே கூடாது. சிம் லிம் ஸ்குவேரில் ஒரு துண்டு வெட்டித் தரச் சொல்லிச் சுரண்டிப் பார்த்துத்தான் வாங்கினேன், கடைக்காரர் முகம் சுளிக்கவில்லை. கேட் 6-ல் 10 ஜிபிபிஎஸ்கூட 50 மீட்டர் வரை போகும். ஐந்தறை வீட்டில் அவ்வளவு நீளம் எங்கேயும் வராது, கூடுதல் காசு கொடுத்து தடித்த கேட் 6ஏ வாங்கி ட்ரங்கிங்கில் திணிக்க வேண்டிய அவசியம் இல்லை.

கேபிள் வந்த பிறகுதான் கருவி. ரூட்டர் ஒன்று, கேபிள்களை ஒன்றுசேர்க்கும் பிஓஇ ஸ்விட்ச் ஒன்று, வைஃபை சிக்னலைப் பரப்பும் ஆக்சஸ் பாயிண்ட் மூன்று. மூன்றாவது ஹாலுக்கு. எல்லாம் வைஃபை 6 தலைமுறை. யூனிஃபை, ஓமாடா போன்ற வரிசைகளில் இந்த மாதிரி தனித்தனியாக வாங்கிச் சேர்க்கலாம், எதை வாங்கினாலும் அமைக்கும் விதம் ஒன்றுதான் என்பதால் மாடல் எண்ணுக்குள் போகவில்லை. பிஓஇ என்றால் லேன் கேபிளிலேயே கரன்ட்டும் போய்விடும், கூரையில் பிளக் பாயிண்ட் தேட வேண்டாம். இதில் நான் எதிர்பார்க்காத ஒரு வசதியும் கிடைத்தது. எங்கள் வீட்டுத் தண்ணீர் ஹீட்டர் பழுதாகி அவ்வப்போது கரன்ட் ட்ரிப் ஆன ஒரு காலம் இருந்தது. ஓஎன்டி (ஃபைபரை ரூட்டரோடு இணைக்கும் பெட்டி), ரூட்டர், ஸ்விட்ச் மூன்றையும் ஹாலில் ஒரு சின்ன யுபிஎஸ்ஸில் மாட்டியிருந்ததால் மூன்று ஆக்சஸ் பாயிண்ட்டும் அதிலிருந்தே கரன்ட் எடுத்துக்கொண்டு ஓடின. வீடு இருட்டாக இருந்தது, மனைவியின் வகுப்பு மட்டும் மடிக்கணினியில் நிற்காமல் நடந்தது. யுபிஎஸ்ஸுக்குச் செலவு செய்ய யோசிப்பவர்கள் யோசிக்கவே வேண்டாம்.

மாட்டிய உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை, அமைப்புகளில்தான் நேரம் போனது. இந்தக் கருவிகள் பெட்டியிலிருந்து வரும்போது சக்தியை முழுசாகத் திறந்து வைத்திருக்கும். அப்படியே விட்டால் ஹாலிலிருந்து என் அறைக்குப் போகும் போன், பலவீனமாகிப்போன ஹால் சிக்னலையே பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கும். எந்த ஆக்சஸ் பாயிண்ட்டோடு சேர வேண்டும் என்று முடிவு செய்வது போன்தான், ரூட்டரால் யோசனை மட்டுமே சொல்ல முடியும். வைஃபை ஓடும் இரண்டு அலைவரிசைகளில் 5 கிகாஹெர்ட்ஸ் சக்தியை நடுத்தரத்துக்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் சக்தியைக் குறைந்ததுக்கும் இறக்கியதும் போன்கள் தாமாகவே மாற ஆரம்பித்தன. கூட்டத்தில் பேசிக்கொண்டே காபி போட எழுந்து போனாலும் இப்போது குரல் அறுபடுவதில்லை. அடுப்படியில் சிக்னல் மைனஸ் 52, என் மேசைக் கணினி கேபிளிலேயே இருக்கிறது, அளந்தால் 940 எம்பிபிஎஸ் பக்கம் வருகிறது, 1 ஜிபிபிஎஸ் போர்ட்டில் அதற்கு மேல் வராது.

சேனல், அதாவது அலைவரிசைக்குள் இருக்கும் பிரிவு, அந்த விஷயமும் அடுக்குமாடியில் ரொம்ப முக்கியம். எங்கள் வீட்டுக்குள் நின்று பார்த்தால் அக்கம்பக்கம், மேல்மாடி, கீழ்மாடி எல்லாருடைய வைஃபையும் நீளமான பட்டியலாக வரும். 2.4-ல் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 மூன்றே. அங்கே 40 மெகாஹெர்ட்ஸ் அகலம் வைத்தால் நமக்கும் பயனில்லை, பக்கத்து வீட்டுக்கும் தொந்தரவு, 20-லேயே விடுங்கள். 5-ல் 80 மெகாஹெர்ட்ஸ் போதும். 36-லிருந்து 48 வரை ஒரு தொகுதி, 149-லிருந்து 161 வரை ஒரு தொகுதி, நடுவில் உள்ளவை ரேடாருக்கு வழிவிட வேண்டிய சேனல்கள். அவற்றில் ரேடார் சத்தம் கேட்டால் ஆக்சஸ் பாயிண்ட் உடனே விலகி அரை மணி நேரத்துக்கு அந்தப் பக்கம் திரும்பக்கூடாது என்பது விதி. கூட்டம் குறைவாக இருக்கும் என்று ஹாலுக்கு மட்டும் அதில் ஒன்றை வைத்திருக்கிறேன், வேலையும் வகுப்பும் நம்பியிருக்கும் மற்ற இரண்டுக்கும் அந்த ஆபத்தே வேண்டாம்.

இரண்டு வருடத்தில் எரிச்சல் தந்தவை இரண்டு. கருவிக்குள் இருக்கும் மென்பொருளுக்கு (ஃபர்ம்வேர்) வந்த ஒரு அப்டேட்டுக்குப் பிறகு வீட்டிலிருந்த ஸ்மார்ட் விளக்குகளும் பழைய பிரிண்டரும் இணைய மறுத்தன. பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ 3 கலந்த வகைக்கு மாறியிருந்தது, அந்தப் பழைய பொருள்களுக்கு அது புரியவில்லை. அவற்றுக்கென்று 2.4-ல் மட்டும், டபிள்யூபிஏ 2-ல், தனிப் பெயரில் ஒரு வைஃபை போட்டுக் கொடுத்தேன், அதிலிருந்து வேலைக் கணினிகளை எட்ட முடியாதபடி பிரித்தும் வைத்தேன். உண்மையில் இது முதல் நாளே செய்ய வேண்டிய நல்ல காரியம்தான். இன்னொன்று வெப்பம். மூடிய டிவி கன்சோலுக்குள் பிஓஇ ஸ்விட்ச் இருந்தபோது தொட்டால் கை சுட்டது, நம்மூர் உஷ்ணத்துக்குப் பின்பலகையில் காற்றுத் துளை இல்லாமல் ஆகாது. துளை போட்டு, சத்தமில்லாத சின்ன மின்விசிறி ஒன்று வைத்த பிறகு கவலையில்லை.

இப்போது எல்லாரும் கேட்பது 10 ஜிபிபிஎஸ்ஸும் வைஃபை 7-உம் பற்றி. நாட்டின் ஃபைபர் கட்டமைப்பை 10 ஜிபிபிஎஸ்ஸுக்கு உயர்த்த அரசு 10 கோடி வெள்ளி வரை ஒதுக்குவதாக 2024-ல் அறிவித்தது, திட்டங்களின் விலையும் இறங்கியிருக்கிறது. வீட்டிலிருந்து பெரிய வீடியோ கோப்புகளை அனுப்புகிறவர்களுக்கு அது தேவைதான். ஆனால் நல்ல தரத்தில் ஒரு வீடியோ கூட்டத்துக்கு 4 எம்பிபிஎஸ் சுமாராகப் போதும். அந்த நாலு தடுமாறாமல் வர வேண்டும், அதை 10 ஜிபிபிஎஸ் திட்டம் ஷெல்டர் சுவருக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்ச் சேர்க்காது.

வைஃபை 7-இல் ஒரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. அமெரிக்க விமர்சகர்கள் காட்டும் வேகமெல்லாம் 6 கிகாஹெர்ட்ஸ் என்ற புது அலைவரிசையில் 1200 மெகாஹெர்ட்ஸ் இடம் இருக்கும் நாட்டில் அளந்தது. இங்கே 2023-ல் திறந்துவிட்டது கீழ்ப்பகுதி 500 மெகாஹெர்ட்ஸ் மட்டும். 320 அகலச் சேனல் அதில் ஒன்றுதான் பிடிக்கும், 160 என்றால் மூன்று. மூன்று ஆக்சஸ் பாயிண்ட் உள்ள வீட்டில் 320 வைத்தால் நம்முடையவையே ஒன்றோடொன்று மோதும், 160-ல் வைப்பதுதான் சரி. அதோடு 6 கிகாஹெர்ட்ஸ் சுவரை இன்னும் குறைவாகத்தான் தாண்டும். வெளிநாட்டிலிருந்து மலிவாக வரவழைக்கவும் வேண்டாம், அதன் சேனல் பட்டியல் அந்த நாட்டுக்கானது, இங்கே பயன்படுத்தும் கருவி தகவல் தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையத்தில் பதிவானதாக இருக்க வேண்டும்.

புதிய பிடிஓ வீடு (முன்பதிவு வாங்கிக் கட்டித்தரும் வீவக வீடு) கிடைத்தவர்களுக்கு வேலை பாதி மிச்சம், அறைகளிலேயே லேன் பாயிண்ட் இருக்கும். அந்த வயர்கள் எல்லாம் எங்கே வந்து சேர்கின்றன என்று ரினோவேஷனுக்கு முன்பே பார்த்து, அந்த இடத்தைக் கார்பெண்டர் அலமாரி போட்டு மூடிவிடாமல் காற்றோட்டத்துக்கும் பிளக்குக்கும் வழி விடச் சொல்லுங்கள். லேன் பாயிண்ட் மேலேயே மாட்டுகிற சுவர் வகை ஆக்சஸ் பாயிண்ட்டும் கிடைக்கிறது, அதன் அடியில் டிவிக்கோ கணினிக்கோ கேபிள் செருகவும் போர்ட் இருக்கும். வாடகை வீட்டில் இருப்பவர்கள் சுவரில் ஆணி அடிக்க முடியாவிட்டால், கதவிடுக்கில் நுழையும் தட்டையான கேபிளில் ஒரே ஒரு ஆக்சஸ் பாயிண்ட்டை வேலை செய்யும் அறைக்குள் கொண்டுபோய் வையுங்கள், பிஓஇ ஸ்விட்ச்சுக்குப் பதில் கேபிளில் கரன்ட் சேர்க்கும் ஒற்றை இன்ஜெக்டர் போதும், வீடு மாறும்போது எல்லாவற்றையும் சுருட்டிக்கொண்டு போய்விடலாம்.