தைராய்டைப் பாதி எடுப்பதா, முழுசாக எடுப்பதா?

என் கழுத்தில், தைராய்டு சுரப்பியில் இருந்தது 1.8 சென்டிமீட்டர் பாப்பிலரி வகைப் புற்றுக்கட்டி. நிணநீர் முடிச்சுகளில் பரவவில்லை. "ஒரு பக்கம் மட்டும் எடுக்கலாம், முழுசாகவும் எடுக்கலாம், யோசித்துச் சொல்லுங்கம்மா" என்றார் மலேசியாவின் ஈப்போ நகரில் பார்த்த டாக்டர். சுங்கை சிப்புட் வரும்வரை பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன். கடைசியில் பாதி போதும் என்று முடிவெடுத்தேன். நான்கு ஆண்டு ஆகிறது.

எங்கள் லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) பக்கத்து வீட்டு அக்காவுக்கு முடிச்சுகளிலும் பரவியிருந்தது. அதனால் முழுசாக எடுத்து, மிச்சமிருக்கும் தைராய்டுத் திசுவை அழிக்கக் கதிரியக்க அயோடினும் கொடுத்தார்கள். அவருக்கு வேறு வழி இல்லை. கட்டி 4 சென்டிமீட்டருக்கு மேல் போனாலும், தைராய்டைத் தாண்டிப் பரவினாலும் முழுசாக எடுப்பதுதான் வழக்கம்.

உயிரைப் பற்றிய பயம்தான் முதலில் வரும். தைராய்டுக்குள்ளேயே அடங்கிய, 1 முதல் 4 சென்டிமீட்டர் கட்டிக்கு இரண்டு வழியும் சரி என்று அமெரிக்கத் தைராய்டு சங்கத்தின் 2015 வழிகாட்டி சொன்னது. இந்த நிலையில் இருப்பவர்களில் நூற்றுக்கு 95 பேருக்கு மேல் பத்து ஆண்டு தாண்டி வாழ்கிறார்கள். அப்புறம் எதை வைத்து முடிவெடுப்பது?

என்னைப் பொறுத்தவரை, மாத்திரைதான். முழுசாக எடுத்தால், தைராய்டு சுரக்கும் ஹார்மோனான தைராக்சினை ஆயுளுக்கும் மாத்திரையாகப் போட வேண்டும். வெறும் வயிற்றில் போட்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை தண்ணீர் தவிர எதுவும் கூடாது. அக்கா பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டப் போகிறவர். பெரட்டுக்கு (தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுப்புக்கு) முன் ஒரு கிளாஸ் தேநீர் இல்லாமல் அவருக்குக் கை ஓடாது. அதனால் விடியற்காலை நாலு மணிக்கே எழுந்து மாத்திரை போடுகிறார். மறந்துபோய்த் தேநீர் ஊற்றிவிடக் கூடாதென்று, இரவே கிளாஸைக் கவிழ்த்து அதன்மேல் மாத்திரை அட்டையை வைத்துவிடுவார். ஆபரேஷனுக்குப் பின் கால்சியம் இறங்கி உதடும் விரல் நுனியும் மரமரத்தன. அதற்கும் மாத்திரை. ஆனால் இரண்டுக்கும் நடுவே நான்கு மணி நேரம் இடைவெளி வேண்டும். பால் நிறுத்துக் கொடுத்த பிறகுதான் கால்சியம்.

எனக்கு மீதிப் பாதி இன்னும் வேலை செய்கிறது, மாத்திரை இல்லை. பாதி எடுத்த எல்லோருக்கும் இப்படி அமையாது. எனக்கே போன ரத்தப் பரிசோதனையில் டிஎஸ்எச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்; தைராய்டு சரியாகச் சுரக்காவிட்டால் ஏறும்) கொஞ்சம் ஏறியிருந்தது, பார்க்கலாம் என்கிறார் டாக்டர். குரல் நரம்பும் ஒரு பக்கம்தான் ஆபத்தில் இருக்கும். கோயிலில் பாடுகிறவள் நான், அதை நினைத்துப் பயந்திருந்தேன்.

அக்காவின் கதிரியக்க அயோடின் வேறு கதை. அதற்கு முன் இரண்டு வாரம் அயோடின் உப்பு, நெத்திலி சம்பல், முட்டை மஞ்சள் கரு எதுவும் கூடாது. அப்புறம் தனி அறை. வீட்டுக்கு வந்த பிறகும் சில நாள் பேரப்பிள்ளையைத் தூக்க முடியாமல் அக்கா தவித்தார்.

முழுசாக எடுப்பதில் ஒரு நிம்மதி உண்டு. தைரோகுளோபுலின் (தைராய்டுத் திசு உண்டாக்கும் புரதம்) ரத்தப் பரிசோதனையில், நோய் திரும்பினால் தெளிவாகத் தெரியும். எனக்கு மீதிப் பாதியும் அதை உண்டாக்குவதால் அந்த எண்ணை மட்டும் நம்ப முடியாது, கழுத்தை ஸ்கேன் செய்துதான் பார்க்கிறார்கள். எடுத்த கட்டியின் ரிப்போர்ட் மோசமாக வந்தால் இன்னொரு ஆபரேஷன் என்றும் முன்பே சொல்லிவிட்டார்கள். ரிப்போர்ட் வரும்வரை எனக்குத் தூக்கமே இல்லை.

இந்த நோய் பத்து, இருபது ஆண்டு கழித்தும் தலைகாட்டலாம். நான்கு ஆண்டு அனுபவத்தை வைத்து நான் ஜெயித்துவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். அடுத்த மாதம் மறுபடி ஸ்கேன், அக்காவும் கூட வருகிறேன் என்றிருக்கிறார்.