டச்சு ரோஸில் இரைவிழுங்கிச் சிலந்திப்பேன்: பல பருவம் பயன்படுத்திய அனுபவம்

ஓசூர் வட்டாரத்து பாலிஹவுஸ் ரோஜாவில் விடாமல் தொல்லை தருவது, இலைச்சாற்றை உறிஞ்சும் நுண்ணிய பேனான செஞ்சிலந்திதான். வெப்பம் 30 டிகிரியைத் தொட்டால் முட்டை முழுப்பேனாக வளரப் பத்து நாள்கூட ஆகாது. மருந்துக்கு மசியாத தலைமுறையும் அதே வேகத்தில் வந்துவிடும். நம் நாட்டிலேயே இருக்கும் நியோசீயுலஸ் லாங்கிஸ்பைனோசஸ் என்ற, செஞ்சிலந்தியைத் தின்னும் இரைவிழுங்கிப் பேனைத் தொடர்ந்து விட்டுப் பார்த்ததில், முறையாகக் கையாண்டால் பலன் நிச்சயம்.

பெண்டிங் செய்து மடித்துவிட்ட கீழ்க்கிளைகளில்தான் எல்லாமே இருக்கிறது. வெட்டி விற்கும் தண்டு மேலே போய்விடும். கீழே இலை நிற்கும், அங்கேதான் செஞ்சிலந்தியும் பெருகும், அதைத் தின்பதும் தங்கும். ஆகவே இரைவிழுங்கிப் பேன் உள்ள அவரை இலைகளைக் கீழ்க்கிளைகளில் செருகுங்கள். மேல்மொட்டுக்கு மருந்து தேவைப்பட்டாலும் கீழே படவிடாதீர்கள். இந்த ஒன்றைத் தவறவிட்டால் செலவு முழுவதும் வீண்.

செஞ்சிலந்தி பத்துக்கு இரைவிழுங்கி ஒன்றாவது இருக்கவேண்டும். வலை கட்டிய பாத்திகளில் நேரே விடாமல், காலையில் இலையின் அடிப்புறத்தில் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவி, எண்ணிக்கையைக் குறைத்தபின் விடலாம். மாலையில் கழுவினால் இரவு முழுக்க ஈரம் நின்று டவுனி என்ற அடிச்சாம்பல் நோயும் பூவழுகலும் வரும். கதவோரம், நடைபாதையோரம், வெயில் அதிகம் படும் மூலை ஆகிய இடங்களில் செஞ்சிலந்தி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பத்து மடங்கு லென்ஸில் செஞ்சிலந்தி முட்டை உருண்டையாகவும், இரைவிழுங்கி முட்டை சற்றுப் பெரிதாய் நீள்வட்டமாகவும் தெரியும். இரண்டாவது வகை கண்ணில் பட்டாலே அது நிலைத்துவிட்டது என்று அர்த்தம்.

ஒட்டும் அட்டையை நம்பிச் செஞ்சிலந்தியைக் கணிக்க முடியாது. அதற்கு இறக்கையே இல்லை. இலைப்பேனுக்கு நீலம், வெள்ளை ஈக்கு மஞ்சள் என்று கொழுந்துக்குச் சற்று மேலே கட்டி, செடி வளர வளர உயர்த்துங்கள்.

பைரித்ராய்டு வகைப் பூச்சிமருந்து அடித்த பாலிஹவுஸில் இரண்டு மாதம்வரை இரைவிழுங்கிப் பேன்கள் பிழைப்பது கடினம். சாம்பல் நோய்க்குப் போடும் கந்தகமும் இவற்றைப் பாதிக்கும். லிட்டருக்கு 5 கிராம் பொட்டாசியம் பைகார்பனேட் பரவாயில்லை. மார்ச் முதல் மே வரையிலான வறண்ட வெயிலில் இரைவிழுங்கி மட்டும் ஈடுகொடுக்காது, கழுவுவதும் கூடவே நடக்கவேண்டும். பிப்ரவரி 14 பூவுக்காக டிசம்பரில் கவாத்து செய்த தோட்டங்களில், டவுனிக்கு அடிக்கும் மான்கோசெப் என்ற பூஞ்சைமருந்து இவற்றின் முட்டையிடலைக் குறைத்துவிடும். அந்தத் தெளிப்பு ஓய்ந்ததும் இன்னொரு தடவை விடுவதற்குச் சேர்த்தே கணக்குப் போட்டு ஆர்டர் கொடுங்கள்.