"ஐடி அப்ரண்டிஸ், கூடவே டிகிரி" என்று பணம் கேட்கிறார்களா? ஓடிபி சொல்வதற்கு முன் இதைப் படியுங்கள்

பிளஸ் டூ முடித்தவர்களையும், பிஎஸ்சி, பிசிஏ கடைசி செமஸ்டரில் இருப்பவர்களையும் குறிவைத்து சென்னையில் ஒரே மாதிரியான ஒரு மோசடி நடக்கிறது. "ஐடி கம்பெனியில் அப்ரண்டிஸ். மாதம் பத்தாயிரம் ஸ்டைபண்டு. வேலை பார்த்துக்கொண்டே டிகிரி. ஒரு வருஷத்தில் பர்மனென்ட்." விளம்பரம் இவ்வளவுதான். நம்பிச் சேர்ந்த பிள்ளைகள் சில மாதங்களில் ஸ்டைபண்டு என்ற பயிற்சிக்கால உதவித்தொகையும் நின்று, ஒரிஜினல் சர்டிபிகேட்டும் கைக்கு வராமல், மாதா மாதம் இஎம்ஐ கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். அப்பா அம்மாவிடம் சொல்லக்கூட முடியாமல் பலர் தவிக்கிறார்கள். அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் பணக் கணக்கு. ட்ரெய்னிங் ஃபீஸ் 1,20,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 10,000 வீதம் நான்கு மாதம் ஸ்டைபண்டு தருகிறார்கள். மொத்தம் 40,000. நீங்கள் கட்டிய பணத்திலிருந்தே உங்களுக்குக் கொடுத்துவிட்டு, மீதி 80,000 ரூபாயை அவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். அந்த நான்கு மாதமும் ஒழுங்காகக் கொடுப்பதற்குக் காரணம் உண்டு. கையில் காசு வாங்கியவர்தான் கல்லூரி ஜூனியரையும் ஊர்க்காரத் தம்பியையும் கூட்டி வருவார். அதற்கு ரெஃபரல் தொகையும் உண்டு. புது பேட்ச் கட்டும் ஃபீஸில் பழைய பேட்சுக்கு ஸ்டைபண்டு போகும். அட்மிஷன் குறைந்த மாதம் "கிளையண்ட் பேமென்ட் வரவில்லை" என்பார்கள். அதற்கடுத்த மாதம் மேனேஜர் போனை எடுக்கமாட்டார்.

கையில் பணம் இல்லை என்று சொல்பவர்களைத்தான் இன்னும் ஆழமாக மாட்டிவிடுகிறார்கள். "ஃபீஸ் இப்போ கட்ட வேண்டாம், ஸ்டைபண்டிலேயே கழிச்சுக்கலாம்" என்று சொல்லி கவுன்சலர் உங்கள் போனையே வாங்கி ஒரு ஆப் இறக்குவார். ஆதார், பான், ஒரு செல்ஃபி. பிறகு இரண்டு மூன்று ஓடிபி. "ரெஜிஸ்ட்ரேஷனுக்குத்தான்" என்பார். அந்த எஸ்எம்எஸ்ஸை முழுசாகப் படியுங்கள். அனுப்பியவர் பெயரில் கம்பெனி இருக்காது, ஏதோ ஒரு ஃபைனான்ஸ் நிறுவனம் இருக்கும். ஒரு ஓடிபி உங்கள் பெயரில் கடன் ஒப்பந்தத்துக்கு, இன்னொன்று உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து மாதா மாதம் பணம் எடுக்கும் இ-நாச் அனுமதிக்கு. கடன் தொகை உங்கள் கைக்கு வராமல் நேராக அந்த இன்ஸ்டிட்யூட்டுக்குப் போய்விடும். நாளைக்கு அவர்கள் ஆபீஸைப் பூட்டினாலும் கடன்காரர் நீங்கள்தான். கட்டத் தவறினால் சிபில் ஸ்கோர் (கடனை ஒழுங்காகக் கட்டுபவரா என்று வங்கிகள் பார்க்கும் மதிப்பெண்) விழும். பின்னாளில் வண்டிக் கடனுக்குப் போனாலும் அது முன்னால் வந்து நிற்கும்.

உண்மையான அப்ரண்டிஸ் எப்படி இருக்கும் என்று தெரிந்தால் போலியை உடனே பிடித்துவிடலாம். தொழிற்பழகுநர் (அப்ரண்டிஸ்) சட்டம் 1961-ல் வந்தது. அதன்படி நிறுவனமும் நீங்களும் ஓர் ஒப்பந்தம் போட வேண்டும். அது அரசிடம் பதிவாக வேண்டும். டிகிரி, டிப்ளமோ முடித்தவர்களுக்கு மத்திய கல்வி அமைச்சகத்தின் நாட்ஸ் (தேசியத் தொழிற்பழகுநர் பயிற்சித் திட்டம்) போர்ட்டல். தமிழ்நாட்டுக்கு அதைப் பார்ப்பது சென்னை தரமணியில் உள்ள தென்மண்டலத் தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம். பிளஸ் டூ, ஐடிஐ முடித்தவர்களுக்குத் திறன் மேம்பாட்டு அமைச்சகத்தின் அப்ரண்டிஸ்ஷிப் இந்தியா போர்ட்டல். உங்கள் லாகினில் போய்ப் பார்த்தால் ஒப்பந்தம் தெரிய வேண்டும்: நிறுவனத்தின் பெயர், தொடங்கும் தேதி, முடியும் தேதி, ஸ்டைபண்டு தொகை. அது அங்கே இல்லையென்றால், லெட்டர்ஹெட்டில் எத்தனை முத்திரை குத்தியிருந்தாலும் நீங்கள் அப்ரண்டிஸ் இல்லை, காசு கட்டிப் படிக்கும் மாணவர். 2019-ல் வந்த திருத்தத்தில் பட்டதாரிக்குக் குறைந்தபட்சம் 9,000 ரூபாயும் டிப்ளமோவுக்கு 8,000 ரூபாயும் ஸ்டைபண்டு என்று வைத்தார்கள்.

அதே திருத்தத்தில் இன்னொன்றும் இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை. 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம், தன் ஆள்பலத்தில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ்களை எடுத்தே ஆக வேண்டும். அதாவது ஆள் தேவை அவர்களுக்கு. எடுக்கச் சட்டமே சொல்லும் இடத்தில் நீங்கள் எதற்கு லட்ச ரூபாய் கட்ட வேண்டும்? இதை நேர்காணலில் அப்படியே கேளுங்கள், பதிலிலேயே தெரிந்துவிடும். "நூறு சதவீதம் பர்மனென்ட்" என்பதையும் நம்பாதீர்கள்: பயிற்சி முடிந்ததும் வேலை கொடுக்கும் கட்டாயம் நிறுவனத்துக்குக் கிடையாது என்பதுதான் சட்டத்தின் பொது நிலை. கொடுப்பதாக இருந்தால் அது பதிவான ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்க வேண்டும்.

கம்பெனியைச் சோதிக்க ஐந்து நிமிடம் போதும். மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தின் எம்சிஏ இணையதளத்தில் கம்பெனி பெயரைத் தேடினால், எழுத்தும் எண்ணும் கலந்து மொத்தம் 21 இடம் கொண்ட சிஐஎன் என்ற பதிவு எண் கிடைக்கும். முதலில் ஓர் எழுத்து, பிறகு தொழில் வகைக்கான ஐந்து எண்கள், பிறகு மாநிலம், தமிழ்நாடு என்றால் பெரும்பாலும் டிஎன். அதற்கடுத்த நான்கு எண்கள் பதிவு செய்த வருடம். "பதினைந்து வருட அனுபவம், அமெரிக்கா கிளையண்ட்" என்று சுவரில் எழுதியிருக்கும். சிஐஎன்னில் 2024 என்று இருக்கும். தேடியும் கிடைக்கவில்லையென்றால் அது கம்பெனியாகப் பதிவாகவே இல்லை. ஆஃபர் லெட்டரில் "பிரைவேட் லிமிடெட்" என்று போட்டிருந்தால் அதுவே பொய்.

"லைவ் ப்ராஜெக்ட்" என்று கொடுப்பதையும் நீங்களே சோதிக்கலாம். கிட் ரெப்போ (கோடும் அதில் செய்த மாற்றங்களின் வரலாறும் இருக்கும் இடம்) கொடுத்தால் கிட் லாக் என்ற கட்டளையை அடித்து அந்த வரலாற்றைப் பாருங்கள். உண்மையான ப்ராஜெக்ட்டில் பல பேருடைய கமிட்கள், அதாவது பதிவு செய்த மாற்றங்கள், பல மாதங்களுக்குச் சிதறிக் கிடக்கும். பக் நம்பர், டிக்கெட் நம்பர் எல்லாம் மெசேஜில் இருக்கும். ஒரே கமிட்டில் இருநூறு ஃபைல் மொத்தமாக ஏற்றியிருந்தால் எங்கிருந்தோ இறக்கிய ப்ராஜெக்ட். ரெப்போவே இல்லாமல் ஜிப் ஃபைலாக லைப்ரரி மேனேஜ்மென்ட், ஹாஸ்பிடல் மேனேஜ்மென்ட் கொடுத்தால் பேசவே வேண்டாம். அப்ரண்டிஸுக்கு ஒரு சீனியர் மென்ட்டராக இருக்க வேண்டும், நீங்கள் எழுதிய கோடை அவர் ரிவ்யூ செய்து திருப்பி அனுப்ப வேண்டும். அந்தத் திருத்தங்களில்தான் வேலை கற்பது நடக்கிறது. ரெக்கார்டட் வீடியோ போட்டுவிட்டு ஏசி அறையில் உட்கார வைத்தால், பிறகு எந்த இன்டர்வியூவிலும் "உங்கள் புல் ரிக்வெஸ்ட்டில் (எழுதிய கோடைச் சேர்க்கச் சொல்லி அனுப்புவது) என்ன கமென்ட் வந்தது" என்ற கேள்விக்கே நின்றுவிடுவீர்கள்.

கூடவே தருவதாகச் சொல்லும் டிகிரியும் அப்படித்தான். தொலைநிலை, ஆன்லைன் படிப்பென்றால் அந்தப் பல்கலைக்கழகத்துக்கு, அந்தக் கோர்ஸுக்கு, அந்த வருடத்துக்கு யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு அனுமதி கொடுத்திருக்கிறதா என்று அவர்களுடைய தளத்திலேயே பாருங்கள். பணத்தைப் பல்கலைக்கழகத்தின் கணக்கில் கட்டி, உங்கள் பெயரில் ரசீதும் என்ரோல்மென்ட் நம்பரும் வாங்குங்கள். "நாங்களே கட்டிவிடுகிறோம்" என்றால் கட்டமாட்டார்கள்.

சிலர் ஆறாவது மாதத்தில் அடுத்த வலையை வீசுவார்கள்: "இன்னொரு நாற்பதாயிரம் கொடு, மூன்று வருஷ எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர், பேஸ்லிப் தருகிறோம்." கெஞ்சிக் கேட்கிறேன், அதை மட்டும் தொடாதீர்கள். பெரிய நிறுவனங்கள் பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷனில் பிஎஃப் கணக்கின் யுஏஎன் எண்ணில் இருக்கும் சர்வீஸ் ஹிஸ்டரியையும், வரிப் பிடித்தத்தைக் காட்டும் 26ஏஎஸ்ஸையும் பார்க்கின்றன. பிஎஃப் இல்லாத மூன்று வருடமும், நீங்கள் கல்லூரியில் இருந்த வருடத்திலேயே வேலை பார்த்ததாக லெட்டரும் இருந்தால், சேர்ந்து ஆறு மாதம் ஆன பிறகும் வேலையை விட்டு அனுப்புவார்கள். ஏமாந்தவர் அந்த இடத்தில் ஏமாற்றியவராக ஆகிவிடுகிறார். போலீஸுக்குப் போகவும் வழியில்லாமல் போகிறது.

ஒரிஜினல் சர்டிபிகேட்டை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். சரிபார்க்க வேண்டுமென்றால் எதிரிலேயே பார்த்துவிட்டுத் திருப்பித் தரட்டும், சர்டிபிகேட்டை ஆன்லைனில் காட்ட அரசின் டிஜிலாக்கரும் இருக்கிறது. இத்தனை மாதம் வேலையை விடமாட்டேன், விட்டால் பணம் கட்டுவேன் என்று எழுதிக் கொடுக்கும் பாண்டு விஷயத்தில் "எந்த பாண்டும் கோர்ட்டில் செல்லாது" என்று நண்பர்கள் சொல்வதை நம்பிக் கையெழுத்துப் போட வேண்டாம். 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், ஒரு பொதுத்துறை வங்கி தன் அதிகாரியிடம் வாங்கிய இரண்டு லட்ச ரூபாய் பாண்டு செல்லும் என்று தீர்ப்பளித்திருக்கிறது. தொகை எவ்வளவு, எத்தனை மாதம், அவர்கள் ஸ்டைபண்டை நிறுத்தினால் பாண்டு என்னாகும் என்று பாருங்கள். வெற்று ஸ்டாம்ப் பேப்பரிலும் வெற்று செக்கிலும் கையெழுத்துக் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் ரசீது, வாட்ஸ்அப் சாட், ஆஃபர் லெட்டர், கடன் ஒப்பந்தம், பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாவற்றையும் இன்றைக்கே ஒரு ஃபோல்டரில் சேருங்கள். குரூப்பிலிருந்து உங்களை நீக்கிவிட்டு மெசேஜை அழிப்பார்கள். கடன் நேற்றோ இன்றோதான் ஏறியது என்றால் முதலில் ஒப்பந்தத்தில் கூலிங் ஆஃப் காலம் (கடனிலிருந்து விலகிக்கொள்ளத் தரும் அவகாசம்) எவ்வளவு என்று பாருங்கள். டிஜிட்டல் கடன்களுக்கு ரிசர்வ் வங்கி அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது, அந்த நாட்களுக்குள் அபராதம் இல்லாமல் வெளியே வரலாம். அந்த நாட்கள் கடந்துவிட்டால், பயிற்சி நின்றுவிட்டது என்று ஃபைனான்ஸ் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு ஈமெயில் போடுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் சிஎம்எஸ் என்ற புகார் போர்ட்டலில் ஆம்புட்ஸ்மனுக்கு (குறை கேட்டுத் தீர்க்கும் அதிகாரி) புகார். எழுத்தில் எதுவும் கொடுக்காமல் சும்மா இஎம்ஐயை நிறுத்தினால் பவுன்ஸ் சார்ஜும் சிபில் அடியும் உங்கள் தலையில்தான்.

பணம் ஆன்லைனில் போயிருந்தால் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ அவ்வளவு நல்லது. நேரில் என்றால் கமிஷனர் அலுவலகத்தில் உள்ள மத்திய குற்றப்பிரிவு. சென்னைக்கு வேப்பேரி, கேளம்பாக்கம் பக்கம் என்றால் தாம்பரம் கமிஷனரேட். தனித்தனியாகப் போகாமல் ஒரே பேட்சைச் சேர்ந்தவர்கள் தொகைப் பட்டியலோடு சேர்ந்து போங்கள், புகாருக்கு எடை கூடும். கட்டிய ஃபீஸைத் திரும்பக் கேட்க நுகர்வோர் உதவி எண் 1915. அதில் தீரவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் வரை மனுக் கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஆனால் பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் மனு போட்டாக வேண்டும்.