ஃபியூஸ்–ரிலேயா, ஸ்மார்ட் ஸ்விட்சா?

மாணவர் ரேஸ் காரின் மின் பகிர்வு போர்டில் முதலில் வரும் கேள்வி இதுதான்.

ஃபியூஸும் ரிலேயும் (மின்காந்தத்தால் இயங்கும் ஸ்விட்ச்) எளிது. எரிந்த ஃபியூஸைக் கண்ணாலேயே பார்க்கலாம், உடனே மாற்றலாம். ஆனால் கார்களில் செருகும் பிளேடு ஃபியூஸ் மெதுவானது. 10 ஆம்பியர் ஃபியூஸில் 13.5 ஆம்பியர் ஓடினால், அது அறுந்துபோக 10 நிமிடம்வரைகூட ஆகலாம். அதற்குள் மெல்லிய வயர் சூடாகிவிடும். ரிலேக்கு எடையும் அதிகம், அதிர்வும் ஆகாது.

மாஸ்ஃபெட் (அசையும் பாகமில்லாத டிரான்சிஸ்டர் ஸ்விட்ச்) வைத்த ஸ்மார்ட் ஸ்விட்ச், பம்ப், விசிறி போன்ற ஒவ்வொரு லோடும் இழுக்கும் கரண்டை அளந்து சொல்லும். ஃபியூயல் பம்ப் வழக்கத்தைவிட அதிகம் இழுத்தால், அது நிற்பதற்கு முன்பே டேட்டாவில் தெரியும். எனக்கு இது ஒன்றே போதும். விசிறியின் வேகத்தையும் பிடபிள்யூஎம்மில், அதாவது மின்சாரத்தை வேகமாக விட்டு விட்டுக் கொடுத்து, குறைக்கலாம்.

வெப்பத்தை மட்டும் கணக்குப் போட்டாக வேண்டும்: மாஸ்ஃபெட்டின் மின்தடை 5 மில்லிஓம், கரண்ட் 15 ஆம்பியர் என்றால் சுமார் 1.1 வாட் வெப்பம். அதைப் பரப்ப போர்டில் காப்பர் பரப்பு தாராளமாக வேண்டும். மோட்டார் கிளம்பும்போது பாயும் கரண்டைக் கோளாறு என்று எண்ணி அணைக்காதபடி லிமிட்டையும் வைக்க வேண்டும்.

என் தேர்வு ஸ்மார்ட் ஸ்விட்ச். ஆபத்தில் காரை நிறுத்தும் ஷட்டவுன் சர்க்யூட்டில் மட்டும் ரிலேதான். அதை மென்பொருளை நம்பி விடக்கூடாது.