முன் சக்கரத்துக்கும் இழுவை: ஒரு பட்டறை வேலையின் மதிப்பீடு

மன்னார்குடிப் பக்கத்தில் எங்கள் வயலுக்குச் செல்லும் கடைசி இரண்டு கிலோமீட்டரும் வாய்க்கால் கரைதான். வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் அந்தக் களிமண் டயரின் பள்ளங்களை அப்பி, சக்கரத்தை வழவழப்பான உருளையாக்கிவிடும். உரமூட்டைகளோடு போகும்போது பின்பாரம் அழுத்துவதால் பிக்கப் எப்படியோ ஊர்ந்து போய்ச் சேர்ந்துவிடும். மூட்டைகளை இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பும்போதுதான் பின்சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுழன்று குழி பறிக்கும். சம்பாவுக்குச் சம்பா டிராக்டருக்கு ஆள் அனுப்பிச் சலித்துப்போய், தஞ்சாவூர்ச் சாலையிலுள்ள ஒரு பட்டறையில் வண்டியை நான்கு சக்கர இயக்கத்துக்கு, அதாவது இன்ஜின் விசை முன் சக்கரங்களுக்கும் போகும்படி, மாற்றக் கொடுத்தேன். குறையும் சொல்லவிருப்பதால் பட்டறையின் பெயரைத் தவிர்க்கிறேன்.

அதே மாடலில் நான்கு சக்கர இயக்கத்தோடு வந்து, விபத்தில் நொறுங்கிப்போன ஒரு வண்டியிலிருந்து டிரான்ஸ்பர் கேஸ் (இன்ஜின் விசையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்து அனுப்பும் பெட்டி), முன் ஆக்சில், முன் ஜாயிண்ட் சாஃப்ட் (அந்த விசையை ஆக்சிலுக்குக் கொண்டுபோகும் தண்டு) ஆகியவற்றை வாங்கிப் பொருத்தினார்கள். கியர்பாக்சுக்குப் பின்னால் டிரான்ஸ்பர் கேஸ் இடம் பிடித்துக்கொள்வதால் பின் ஜாயிண்ட் சாஃப்டின் நீளத்தைக் குறைத்து மறுபடியும் பேலன்ஸ் பார்க்க வேண்டும். அதைச் சுருக்கமாக முடித்துவிடாமல் முறையாகவே செய்திருந்தார்கள். 70 கிலோமீட்டர் வேகத்திலும் அதிர்வு இல்லை. வெல்டிங் வேலையும் பார்க்க அழகு. 26 நாட்கள், பாகங்களோடு சேர்த்து 2,10,000 ரூபாய்.

கோளாறு வேறிடத்தில் இருந்தது. சேற்றில் ஓட்டிய வரை ஒன்றும் தெரியவில்லை. தார்ச்சாலை ஏறிய பிறகு லீவரைத் திருப்பி இரண்டு சக்கர இயக்கத்துக்குக் கொண்டுவர முயன்றால் அது அசையவே மறுத்தது; ஸ்டியரிங்கும் கல்லாக இறுகியது. இவ்வகை டிரான்ஸ்பர் கேஸில் முன், பின் சாஃப்டுகள் ஒரே வேகத்தில் சுழலும்படி பூட்டப்படுவதால், உலர்ந்த சாலையில் ஓரளவு இறுக்கம் இயல்புதான் என்றாலும் நேராகப் போகும்போதே இப்படி இறுகக் கூடாது. ஊர் மெக்கானிக் நான்கு சக்கரங்களையும் ஜாக்கியில் தூக்கி நிறுத்தி, சாஃப்டில் சாக்பீஸால் கோடு போட்டு, சக்கரங்களைப் பத்துச் சுற்று சுற்றச் சொன்னார். பின் சாஃப்ட் 41 முறை சுழன்றது. முன் சாஃப்ட் 39. சாஃப்டின் சுழற்சியை ஆக்சிலுக்குள் சக்கரங்களுக்குத் திருப்பிவிடும் பற்சக்கர இணையான கிரவுன் பினியனில், பற்களின் விகிதம் முன்னும் பின்னும் ஒன்றாக இல்லை. ஈரக்களிமண்ணில் சக்கரம் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டிவிடும். தார்ச்சாலை அப்படி விட்டுக்கொடுக்காது. பட்டறைக்காரர் மறுக்காமல் ஏற்றுக்கொண்டு, கூலி வாங்காமல் ஆறு நாட்களில் முன் கிரவுன் பினியனை மாற்றித் தந்தார். பத்து நிமிட எண்ணிக்கையை வேலைக்கு முன்பே செய்திருக்கலாம் என்பதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

சட்ட விஷயத்தில் இதைவிடப் பெரிய வருத்தம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்துவதைத் தடுக்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019இல் அதை அழுத்தமாகச் சொன்னது. பட்டறையில் இதைப் பற்றிப் பேச்சே எழவில்லை, நானே கேட்டபோது, “ஆர்.சி.யில ஒண்ணும் மாறாதுங்க” என்று சிரித்துவிட்டார்கள். பணம் கட்டுமுன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தையும் இன்சூரன்ஸ் நிறுவனத்தையும் விசாரிக்காமல் விட்டது என் தவறும்தான்.

இப்போது வெறும் வண்டி, லோ கியரில், கரையின் முக்கால் தூரத்தை முனகாமல் கடக்கிறது. மதகடிச் சேற்றில் மட்டும் பழைய சாலை டயர்கள் நான்கும் சேர்ந்து வழுக்கின. மண் டயர் மாட்டிய பிறகே அதுவும் தாண்டியது. மறுபடி தொடங்குவதாயிருந்தால், அந்த டயர்களை முதலில் வாங்கி ஒரு மழைக்காலம் ஓட்டிப் பார்ப்பேன். போதாவிட்டால் நிறுவனமே நான்கு சக்கர இயக்கத்தோடு விற்ற பழைய வண்டியொன்றைத் தேடுவேன்.