விழித்திரைப் படத்தை ஏஐ படிக்கும்போது: நீண்ட நாள் பயன்பாட்டில் தெரிய வருபவை

சர்க்கரை நோயாளியின் விழித்திரையைப் படமெடுத்து, ஏஐ மென்பொருளிடம் கொடுத்து, சில நிமிடங்களில் முடிவு வாங்கும் முறை இப்போது சிறு கிளினிக்குகள் வரைக்கும் வந்துவிட்டது. வாங்கும் முன் எல்லோரும் கேட்பது, "எத்தனை சதவீதம் சரியாகச் சொல்லும்?" என்பதைத்தான். இதே கருவியோடு நெடுநாள் வேலை பார்த்தவர்கள் முதலில் கேட்பது வேறு: "எத்தனை பேருக்கு முடிவே சொல்லாமல் விடும்?" இந்தப் பகிர்வு பெரும்பாலும் அந்த இரண்டாவது கேள்வியைப் பற்றியதுதான்.

மென்பொருள் தரும் விடை மூன்று வகை. ஒன்று, சர்க்கரையால் விழித்திரையில் கவனிக்க வேண்டிய பாதிப்பு இல்லை, ஓராண்டு கழித்து மீண்டும் வரவும். இரண்டு, பாதிப்பு தெரிகிறது, கண் மருத்துவரைப் பார்க்கவும். மூன்று, படத்தின் தரம் போதவில்லை. விற்க வருபவர்கள் முதல் இரண்டைப் பற்றி மட்டுமே பேசுவார்கள். கிளினிக்கின் அன்றாடத்தை முடிவு செய்வது மூன்றாவது.

மருத்துவர் படத்தைப் பார்க்காமலேயே மென்பொருள் தானாக முடிவு சொல்ல அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் முதன்முதலில் அனுமதித்தது ஐடிஎக்ஸ்-டிஆர் என்ற கருவியை, 2018 ஏப்ரலில். 900 பேரைச் சேர்த்து நடந்த ஆய்வில், மேல் சிகிச்சைக்கு அனுப்ப வேண்டியவர்களைப் பிடிக்கும் திறன் 87.2%, அனுப்பத் தேவையில்லாதவர்களைச் சரியாக விலக்கும் திறன் 90.7%. இதை 1000 நோயாளிகளுக்குப் பொருத்திப் பாருங்கள். அவர்களில் 100 பேருக்கு உண்மையிலேயே பாதிப்பு இருப்பதாக வைத்துக்கொண்டால், 87 பேர் பிடிபடுவார்கள், 13 பேர் தப்பிவிடுவார்கள். பாதிப்பு இல்லாத 900 பேரில் சுமார் 84 பேரும் தேவையில்லாமல் அனுப்பப்படுவார்கள். ஆக, கண் மருத்துவரிடம் போகும் 171 பேரில் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு ஒன்றும் இருக்காது. முதல் கட்டப் பரிசோதனைக்கு இது நல்ல கணக்குதான். இதில் ஏமாற்றம் அடைய ஒன்றுமில்லை.

இப்போது மூன்றாவது விடையையும் கணக்கில் சேர்ப்போம். 1000 பேரில் 20% பேருக்குப் படம் தேறவில்லை என்றால், அந்த 200 பேரையும் கண் மருத்துவரிடம் அனுப்பியாக வேண்டும். மீதி 800 பேரில் முன்பு சொன்ன அதே விகிதத்தில் சுமார் 137 பேர் போவார்கள். மொத்தம் 337. படம் தேறாதவர்களை 5 சதவீதத்துக்குக் குறைத்துவிட்டால் மொத்தம் ஏறத்தாழ 213. ஆயிரம் பேருக்கு 120 அப்பாயின்ட்மென்ட்டுக்கு மேல் மிச்சம். இந்த வித்தியாசத்தை எந்த மென்பொருள் அப்டேட்டும் தராது. இருட்டான அறையும் கைதேர்ந்த டெக்னீஷியனும்தான் தருவார்கள்.

20% என்பது மிகைப்படுத்திய எண் அல்ல. கூகுளின் மென்பொருளைத் தாய்லாந்தில் 11 கிளினிக்குகளில் பயன்படுத்திப் பார்த்து 2020-இல் வெளியிட்ட ஆய்வில், முதல் ஆறு மாதங்களில் கொடுத்த 1,838 படங்களில் 393, அதாவது 21%, தரம் போதாதவை என்று ஒதுக்கப்பட்டன. பரிசோதனைக் கூடத்தில் மிகத் துல்லியமாக இருந்த அதே மென்பொருள்தான். வெளிச்சம் புகும் அறையும் நெரிசலும் மெதுவான இணையமும் சேர்ந்து அதை அந்த நிலைக்குக் கொண்டுவந்தன.

இதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. படம் தேறாதவர்கள் யார் என்று பட்டியல் போட்டுப் பார்த்தால், பெரும்பாலும் வயதானவர்கள், கண்புரை உள்ளவர்கள், பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோயோடு இருப்பவர்கள். நீண்டகாலச் சர்க்கரை நோயில் தானியங்கி நரம்புகள் பாதிக்கப்படுவதால் கண்மணி சிறுத்துவிடும், இருட்டிலும் சரியாக விரியாது. அதாவது யாருக்கு விழித்திரை பாதிப்பு இருக்க அதிக வாய்ப்போ, அவர்களுக்குத்தான் படம் சரியாக வராது. "படம் வரவில்லை, அடுத்த முறை பார்க்கலாம்" என்று அனுப்பிவிடுவதுதான் இந்தத் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்துவதில் நடக்கும் மிக மோசமான தவறு. படம் தேறவில்லை என்றால், பாதிப்பு இருப்பவரைப் போலவே நடத்த வேண்டும்.

படமெடுப்பதற்கு வருவோம். மருந்து விடாமல் எடுக்கும் கேமராக்களுக்குப் பொதுவாகக் கண்மணி 4 மி.மீ. விரிந்திருக்க வேண்டும். சிறிய கண்மணிக்கான தனி வசதி உள்ள சில கேமராக்கள் 3.3 மி.மீ. வரை சமாளிக்கும். அந்த விரிவு கிடைக்க, நோயாளி மூன்று முதல் ஐந்து நிமிடமாவது இருட்டில் உட்கார வேண்டும். ஜன்னலுக்குத் திரை போட்டால் மட்டும் போதாது. கதவிடுக்கு வெளிச்சமும், கம்ப்யூட்டர் திரையின் வெளிச்சமும் கண்மணியைச் சுருக்கும். திரையின் பிரகாசத்தைக் குறைத்து, நோயாளியின் முகத்தில் படாதபடி திருப்பி வையுங்கள். வரிசையில் அடுத்து இருப்பவரை இருட்டறைக்குள்ளேயே ஒரு மூலையில் உட்கார வைத்தால், காத்திருக்கும் நேரமே இருட்டுக்குப் பழகும் நேரமாகிவிடும். இடம் குறைவாக உள்ள கிளினிக்குகளுக்கு இதைவிடப் பயனுள்ள மாற்றம் வேறில்லை.

ஒரு கண்ணுக்கு இரண்டு படங்கள்: ஒன்று மாக்குலாவை (கூர்மையான பார்வை தரும் விழித்திரையின் மையப் பகுதி) நடுவில் வைத்து, மற்றொன்று பார்வை நரம்பு வட்டை (பார்வை நரம்பு விழித்திரையில் சேரும் இடம்) நடுவில் வைத்து. மாக்குலா படத்தை முதலில் எடுங்கள். ஃபிளாஷ் அடித்ததும் அந்தக் கண் மட்டுமல்ல, மறு கண்ணின் மணியும் சேர்ந்து சுருங்கும். அதனால் உடனே அடுத்ததை எடுக்காமல் சில நிமிடங்கள் விட வேண்டும். கூட்ட நேரத்தில் இந்த இடைவெளியைத்தான் முதலில் சுருக்குவார்கள். முதல் கண்ணின் படம் நன்றாகவும் இரண்டாவது கண்ணின் படம் ஓரமெல்லாம் கறுத்தும் தொடர்ந்து வந்தால், காரணம் அநேகமாக இதுதான்.

நோயாளியின் நெற்றி கேமராவின் நெற்றிப் பட்டையில் ஒட்டியிருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். பேச்சுக் கொடுத்தால் நோயாளிகள் நெற்றியைப் பின்னுக்கு எடுத்துவிடுவார்கள், ஃபோகஸ் போய்விடும். இரண்டு முறை கண் சிமிட்டச் சொல்லி, அகலத் திறக்கச் சொல்லி, அந்த நொடியில் அழுத்த வேண்டும். வறண்ட கண்ணில் கண்ணீர்ப் படலம் உடைந்தால் படம் மங்கலாகும். அதைக் கண்புரை என்று நினைத்துக் கைவிட்டுவிடுகிறார்கள். கையில் பிடிக்கும் கேமராவானால் முழங்கையை மேசையில் ஊன்றிக்கொள்ளுங்கள். அதில் கெட்டுப்போகும் படங்களில் பெரும்பகுதி நடுக்கத்தால் கெடுபவை.

ஒரு கண்ணுக்கு இரண்டு முயற்சி தோற்றால், மூன்றாவது, நான்காவது என்று ஃபிளாஷ் அடித்துக்கொண்டே போவதில் பயனில்லை. கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்துக்குப் போங்கள். டிராபிகமைட் 0.5% அல்லது 1%, மருத்துவர் சொற்படி ஒரு சொட்டு, 20 நிமிடம் காத்திருப்பு. அதற்குமுன் கண் அழுத்த நோய் (கிளாக்கோமா), குறிப்பாக கோணம் குறுகிய வகை, இருப்பதாக யாராவது சொல்லியிருக்கிறார்களா, மருந்து ஒவ்வாமை உண்டா என்று கேட்க வேண்டும். நான்கு முதல் ஆறு மணி நேரம் கிட்டப்பார்வை மங்கும், வெளிச்சம் கூசும். வண்டி ஓட்டி வந்திருக்கிறார்களா என்பதை மருந்து விட்ட பிறகு கேட்டுப் பயனில்லை. மருந்தே வேண்டாம் என்று பிடிவாதமாக நடத்தும் இடங்களில்தான் தேறாத படங்கள் குவிகின்றன. தேவைப்படுபவருக்கு மருந்து என்ற விதியை முதல் நாளிலேயே எழுதி ஒட்டிவிடுவது நல்லது.

படத்தைப் பார்த்தே குறையைக் கண்டுபிடிக்கப் பழகலாம். ஓரத்தில் கறுப்புப் பிறை வந்தால், கேமரா கண்மணியின் நடுவில் நிற்கவில்லை, அல்லது கண்மணி சிறியது, அல்லது இமை மறைக்கிறது. ஓரத்தில் வெண்மையான பிறை வந்தால், கண்ணுக்கும் கேமராவுக்கும் இடையிலான தூரம் தவறு. படம் முழுக்கப் புகைபோல் மங்கினால் கண்புரையாக இருக்கலாம், லென்ஸில் படிந்த மூச்சுக் காற்றாகவும் இருக்கலாம். துடைத்துவிட்டு மீண்டும் எடுத்துப் பார்க்காமல் முடிவு கட்டக் கூடாது.

லென்ஸ் தூசு தனிக் கவனம் கேட்கிறது. படத்தில் அது சாம்பல் நிறப் புள்ளியாக விழும், மென்பொருள் அதை நுண் இரத்தக் கசிவு என்று எடுத்துக்கொள்ளலாம். ஒரு வாரத்தில் "பாதிப்பு இருக்கிறது" என்ற விடைகள் திடீரென ஏறினால், முதலில் அன்றைய படங்களை அருகருகே வைத்துப் பாருங்கள். வெவ்வேறு நோயாளிகளின் படங்களில், இடக்கண் வலக்கண் வித்தியாசமில்லாமல், படச் சட்டத்தின் ஒரே இடத்தில் புள்ளி இருந்தால் அது விழித்திரையில் இல்லை, லென்ஸில் இருக்கிறது. முதலில் ஊதுகுமிழால் தூசை ஊதிவிட்டு, பிறகு லென்ஸ் தாளில் கேமரா நிறுவனம் பரிந்துரைக்கும் திரவத்தைத் தொட்டு, நடுவிலிருந்து வெளியே சுழற்றித் துடைக்க வேண்டும். ஊதாமல் துடைத்தால் தூசியே லென்ஸைக் கீறும். கீறல் நிரந்தரம்.

தவறான எச்சரிக்கைக்கு வேறு காரணங்களும் உண்டு. இளவயதினரின் மாக்குலாவைச் சுற்றி வரும் பளபளப்பு, வயது முதிர்வால் படியும் ட்ரூசன் என்ற மஞ்சள் புள்ளிகள், இரண்டையுமே கொழுப்புக் கசிவு என்று மென்பொருள் குழப்பிக்கொள்ளும். ஏற்கெனவே விழித்திரைக்கு லேசர் சிகிச்சை செய்தவர்களை இந்தப் பரிசோதனைக்கே உட்படுத்தக் கூடாது. அவர்கள் இருக்க வேண்டிய இடம் கண் மருத்துவரின் தொடர் கவனிப்பு. கர்ப்பிணிகளுக்கும் அப்படியே. கர்ப்ப காலத்தில் பாதிப்பு வேகமாக முற்றக்கூடும்.

"பாதிப்பு இல்லை" என்ற விடையை நோயாளியிடம் எப்படிச் சொல்கிறோம் என்பதிலும் நிறைய இருக்கிறது. "உங்கள் கண் நன்றாக இருக்கிறது" என்று சொல்லவே கூடாது. அந்தப் படம் விழித்திரையின் மையப் பகுதியை, பொதுவாக 45 பாகை அளவுக்கு மட்டும் காட்டுகிறது. சர்க்கரையால் வரும் பாதிப்பை மட்டும் தேடப் பயிற்றுவித்த மென்பொருள் கண் அழுத்த நோயைப் பற்றி ஒன்றும் சொல்லாது. மாக்குலா வீக்கத்தைக்கூட கசிவுப் புள்ளிகளை வைத்து ஊகிக்கிறதே தவிர, வீக்கத்தை நேரடியாக அளப்பது, விழித்திரையின் அடுக்குகளைக் குறுக்குவெட்டாகக் காட்டும் ஓசிடி ஸ்கேன்தான். "சர்க்கரையால் வரும் விழித்திரைப் பாதிப்பு இந்தப் படத்தில் தெரியவில்லை. ஓராண்டில் மீண்டும் வாருங்கள். பார்வை மங்கினாலோ, கண்ணில் புதிதாகக் கறுப்புப் புள்ளிகள் மிதந்தாலோ, காத்திருக்காமல் கண் மருத்துவரிடம் போங்கள்." இவ்வளவையும் அச்சிட்டுக் கையில் கொடுக்கலாம். இத்தகைய அறிகுறியோடு வருபவரைக் கேமரா முன் உட்கார வைத்து நேரம் கடத்தக் கூடாது.

விடை உடனே கிடைப்பதுதான் இந்தத் தொழில்நுட்பத்தின் உண்மையான பலம். 8 முதல் 21 வயதுவரையுள்ள சர்க்கரை நோயாளிகள் 164 பேரிடம் நடந்து 2024-இல் வெளியான ஆய்வில், ஏஐ பரிசோதனை கிடைத்த பிரிவில் 100% பேருக்கும் கண் பரிசோதனை முடிந்தது. கண் மருத்துவரிடம் போகச் சொல்லி அனுப்பிய பிரிவில் ஆறு மாதத்துக்குள் முடித்தவர்கள் 22% மட்டுமே. ஆனால் இணையம் மெதுவாகி, படங்கள் க்ளவுடில் ஏறாமல் தேங்கி, "நாளை போனில் சொல்கிறோம்" என்று அனுப்பத் தொடங்கினால் அந்தப் பலம் போய்விடும். இணையம் இல்லாமலும் விடை தரும் வசதி இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். பாதிப்பு தெரிந்தவருக்கு, அவர் நாற்காலியை விட்டு எழும் முன்பே கண் மருத்துவரின் அப்பாயின்ட்மென்ட்டைப் போட்டுவிட வேண்டும்.

பெயர், எண் குழப்பம் அமைதியாக நடக்கும் தவறு. பதிவெண்ணைக் கையால் தட்டாமல் பார்கோடு வழியாகவோ, மருத்துவமனைப் பட்டியலிலிருந்து நேராகவோ எடுங்கள். கண் மாறியிருக்கிறதா என்று பார்க்க எளிய வழி: வலக்கண் படத்தில் பார்வை நரம்பு வட்டு மாக்குலாவுக்கு வலப்பக்கம் இருக்கும், இடக்கண்ணில் இடப்பக்கம்.

மென்பொருளுக்கு மென்பொருள் வித்தியாசம் பெரிது. 5 நிறுவனங்களின் 7 மென்பொருள்களை ஒரே படத்தொகுப்பில் ஓட்டி 2021-இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வில், நோயைப் பிடிக்கும் திறன் சுமார் 51 சதவீதத்திலிருந்து 86 சதவீதம் வரை சிதறிக் கிடந்தது. ஆகவே விற்பவரின் எண்ணை மட்டும் நம்பாமல், உங்கள் கேமராவில், உங்கள் நோயாளிகளிடம் எடுத்த ஒரு நூறு இருநூறு படங்களைக் கண் மருத்துவரிடம் தரம் பிரிக்கச் சொல்லித் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். பெயர் நீக்கி, சுருக்காத மூலக் கோப்பாகவே வையுங்கள். வாங்கும் முன் ஒருமுறை, ஒவ்வொரு அப்டேட்டுக்குப் பின் ஒருமுறை, கேமராவை மாற்றினால் கட்டாயமாக ஒருமுறை, அதே தொகுப்பை ஓட்டிப் பாருங்கள். விடைகள் மாறியிருந்தால் காரணம் தெரியும்வரை பழைய பதிப்பிலேயே இருக்க ஒப்பந்தத்தில் இடம் இருக்க வேண்டும். படங்களை நிறுவனம் தன் மென்பொருளைப் பயிற்றுவிக்கப் பயன்படுத்துமா, ஒப்பந்தம் முடிந்தால் அழிக்குமா என்பதும் எழுத்தில் வேண்டும்.

மாதம் ஒருமுறை பார்க்க நான்கு எண்கள் போதும். படம் தேறாதவர்கள் எத்தனை சதவீதம், அதை டெக்னீஷியன் வாரியாகவும் அறை வாரியாகவும் பிரித்து. அவர்களில் எத்தனை பேருக்குச் சொட்டு மருந்து விட்டு மீண்டும் எடுக்கப்பட்டது. அனுப்பப்பட்டவர்களில் உண்மையில் கண் மருத்துவரைப் பார்த்தவர்கள் எத்தனை பேர். "பாதிப்பு இல்லை" என்ற படங்களில் பத்தில் ஒன்றை மருத்துவர் பார்த்தபோது எத்தனை மாறின. முதல் எண் ஒரு டெக்னீஷியனிடம் மட்டும் ஏறியிருந்தால் பயிற்சி தேவை, எல்லோரிடமும் ஏறியிருந்தால் அறையையும் லென்ஸையும் பாருங்கள். மூன்றாவது எண் பாதிக்குக் கீழே இருந்தால், புதிதாக ஒரு கேமரா வாங்கும் பணத்தில், நோயாளிகளைத் தொலைபேசியில் அழைத்து அப்பாயின்ட்மென்ட்டை உறுதி செய்ய ஓர் ஊழியரை நியமியுங்கள்.