ஏழு வருடம் காப்புறுதி கட்டிய விசுவமடுக்காரனின் கணக்கு

2018 மார்ச்சில் காப்புறுதி முகவர் கடைக்கு வந்தபோது நான் ஒரு தண்ணீர்ப் பம்பைக் கழற்றிப் போட்டிருந்தேன். மோட்டர் திருத்தும் கடை, கை முழுக்கக் கிரீஸ். "அண்ணை, நீங்கள் வேலையைப் பாருங்கோ, படிவத்தை நான் நிரப்புறன்" என்றார் தம்பி. நிரப்பினார். நான் கையொப்பம் மட்டும் வைத்தேன். பெருவிரல் கறுப்பாகப் பட்ட அந்தப் பிரதி இன்னும் என்னிடம் இருக்கிறது. பின்னால் அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டி வந்தது.

எடுத்தது ஆயுள் காப்புறுதி. அதோடு ஒட்டி வருவது ஆஸ்பத்திரிக் காப்பு. அரச ஆஸ்பத்திரியில் படுத்தாலும் இரவொன்றுக்கு 2,000 ரூபா, மனைவி பிள்ளைகளுக்கும் சேர்த்து. அம்மாவைச் சேர்க்க முடியவில்லை. வயதும் கூட, சீனி வருத்தமும் உண்டு. அவருக்குத் தர்மபுரம் ஆஸ்பத்திரிக் கிளினிக்தான்.

"அரச ஆஸ்பத்திரியில் மருந்தும் சும்மா, ஒப்பரேசனும் சும்மா, உனக்கேன் இது?" என்று ஊரில் கேட்டவர்கள் பலர். நியாயமான கேள்விதான். ஆனால் வன்னியில் வருத்தம் வந்தால் காசு வைத்தியத்தில் போவதில்லை. அதைச் சுற்றித்தான் போகும்.

2023இல் பரந்தன் வீதியில் மோட்டார் சைக்கிளோடு விழுந்து கால் முறிந்தது. இலவச அம்புலன்ஸ் இலக்கமான 1990க்கு அடித்தோம், அம்புலன்ஸ் வந்தது, ஒரு சதமும் இல்லை. இந்தச் சேவை வடக்குக்கு வந்தது 2018இல்தான். அதற்கு முன் இதே விபத்து நடந்திருந்தால் வான் பிடித்திருக்க வேண்டும். கிளிநொச்சியில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு மாற்றினார்கள். தகடு வைத்தார்கள். 11 இரவு. ஆஸ்பத்திரி என்னிடம் எதுவும் கேட்கவில்லை. ஆனால் மனைவி நல்லூரில் உறவுக்காரர் வீட்டில் தங்கி, நாளுக்கு இரண்டு தடவை பஸ்ஸிலும் ஆட்டோவிலும் வந்துபோனாள். சாப்பாடு, மாற்றுடுப்பு, வீடு திரும்ப வான், இரண்டு மாதம் பூட்டிய கடை. அந்த நேரத்தில் வந்த 22,000 ரூபா வானுக்கும் பஸ்ஸுக்கும் போனது. கடை வாடகையை அண்ணர் கட்டினார்.

காப்புறுதிக் காசு கிடைத்த மற்ற இரண்டு தடவையும் சின்னவை. 2019இல் எனக்கு டெங்கு, நாலு இரவு. 2022இல் மகனுக்கு அப்பென்டிக்ஸ், ஐந்து இரவு. அது பெற்றோலுக்கு வரிசையில் நின்ற காலம். விடுதியில் ஊசி மருந்து இல்லை, துண்டெழுதி வெளியில் வாங்கச் சொன்னார்கள். தாதிமாரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது, அவர்களும் அதே வரிசையில் நின்றுவிட்டு வேலைக்கு வந்தவர்கள்தான். மருந்துப் பில்லைக் காப்புறுதியிடம் கொடுத்தேன், இரவுக் கணக்கு மட்டுமே தருவோம் என்று திருப்பிவிட்டார்கள்.

இனி மனக்குறை. 2021இல் மனைவிக்குப் பித்தப்பையில் கல். யாழ்ப்பாணத்தில் எடுத்தார்கள், மூன்று இரவு. 6,000 ரூபாய்க்கு விண்ணப்பித்தால், கிளினிக் கொப்பியின் பிரதியைக் கேட்டார்கள். அதில் 2017ஆம் ஆண்டுத் திகதியோடு வயிற்றுவலி, ஸ்கேன், கல் என்று டொக்டர் எழுதியிருந்தார். படிவத்தில் "ஏதாவது வருத்தம் உண்டா?" என்ற கேள்விகளுக்கெல்லாம் வரிசையாக "இல்லை". எழுதியது தம்பி, கையொப்பம் என்னுடையது, பக்கத்தில் கிரீஸ் கறை. ஏற்கெனவே இருந்த வருத்தம் என்று நிராகரித்தார்கள். தம்பி அன்றைக்கு வாயைத் திறந்து ஒன்றும் கேட்கவில்லை. நானும் வாசிக்கவில்லை. கோபம் அவர்மேல் பாதி, என்மேல் பாதி.

கணக்குக்கு வருவோம். ஆஸ்பத்திரிக் காப்புக்கு மட்டும் நாலு வருடம் மாதம் 900, பிறகு மூன்று வருடம் மாதம் 1,400. மொத்தம் 93,600. திரும்பி வந்தது 20 இரவுக்கு 40,000. வெறும் கூட்டல் கழித்தலில் நட்டம்தான். அதைவிட மோசம், 2022 செப்டெம்பரில் பணவீக்கம் ஏறக்குறைய 70 வீதமாக ஏறியபோதும் என்னுடைய 2,000 அப்படியே கிடந்தது. எடுக்கும்போது அது என் கடையின் ஒரு நல்ல நாள் வருமானம். இப்போது இரண்டு பேர் யாழ்ப்பாணம் போய்வந்து சாப்பிட்டால் மிச்சமில்லை.

பிறகு ஏன் நிறுத்தவில்லை? கால் முறிந்தபோது கடன் கேட்டு நான் இன்னொருவர் வாசலில் போய் நிற்காமல் தப்பியது அந்த 22,000ஆல்தான். ஆனால் தனியார் ஆஸ்பத்திரிச் செலவை முழுக்கக் கொடுக்கும் பெரிய திட்டத்தை, மாதம் இன்னும் 4,800 என்றபோது, வேண்டாமென்றேன். இங்கிருந்து தனியாரில் சத்திரசிகிச்சை என்றால் முதலில் யாழ்ப்பாணமோ கொழும்போ போக வேண்டும். அவசரத்துக்கு 1990 கொண்டுபோவது அரச ஆஸ்பத்திரிக்கு. தனியாரில் காசு கட்டிப் பதிந்து, அதாவது சனல் பண்ணி, டொக்டரைப் பார்க்கும் காசை என் திட்டத்தில் கேட்கவே முடியாது. கொழும்பில் இருந்தால் வேறு மாதிரி யோசித்திருப்பேன். வீட்டில் அரச ஊழியர் ஒருவர் இருந்தால், சம்பளத்தில் கழிபடும் அக்ரஹார காப்புறுதி எதை எதைத் தருகிறது என்று முதலில் விசாரியுங்கள். எங்கள் வீட்டில் அந்த வழியில்லை.

போன மாதம் தம்பி திரும்பவும் வந்தார், நாள் தொகையை 4,000 ஆக்கலாம் என்று. பேனாவை எடுத்து "அண்ணை, கையொப்பம் மட்டும்..." என்று தொடங்கினார். பம்பை வைத்துவிட்டு, சவர்க்காரம் போட்டுக் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தேன். ஒவ்வொரு கேள்வியாக நானே எழுதினேன், மனைவியின் கல்லை ஆண்டோடு, என் காலில் உள்ள தகட்டையும். அரை மணித்தியாலம் போனது, தம்பி இரண்டு தரம் மணி பார்த்தார். கொம்பனியின் பதில் இன்னும் வரவில்லை.